சந்தா கட்டிய சனங்கள்

பத்திரிகை நடத்துகிறவனைக் கண்டால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, ‘என்னா தோழர், புக்கு எனக்கு வரலியே?’ என்பதுதான். கேட்பவர் சந்தா கட்டியவராக இருக்கமாட்டார். ஏதோ ஒரு கூட்டத்தில் ஓர் இதழ் சும்மா கிடைத்திருக்கும். அடுத்ததும் அப்படியே வந்து சேரும் என்று காத்திருந்திருப்பார். அவர் கேட்பதில் அன்பு இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, காசு மட்டும் இல்லை. வாசிக்கிறவர் ஒரு கூட்டம், காசு கொடுக்கிறவரைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்கிற இந்தக் கணக்கு நேற்றைக்குத் தொடங்கியதல்ல. ஒடுக்கப்பட்ட சனங்கள் அச்சு எந்திரத்தைத் தொட்ட நாளிலிருந்து கூடவே வருகிறது.

தமிழில் பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள். தொடங்கிய தேதியும் நின்றுபோன தேதியும் சொல்வார்கள். கொள்கையைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். காகிதம் வாங்கக் காசு எவன் கொடுத்தான் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஜமீன்தார் பணத்திலும் வக்கீல்மார் பணத்திலும் நடந்த பத்திரிகைகளுக்கு அந்தக் கேள்வி தேவைப்படாமல் போயிருக்கலாம். நமக்கு அதுதான் முதல் கேள்வி. நம் பத்திரிகைகள் கொள்கை தோற்று நின்றவையல்ல, காகிதம் தீர்ந்து நின்றவை.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழைச் சென்னையில் கொண்டுவந்தார். நாலு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழுக்கு அச்சு, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 10 ரூபாய் செலவு ஆனதென்றும், இரண்டே நாளில் 400 பிரதிகள் அளவுக்கு விற்றுப்போயின என்றும் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதுகிறார். மூன்று மாதத்தில் அது வார இதழாயிற்று. இரண்டு வருசத்தில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. 1900 வரை ஏழு வருசம் நடந்திருக்கிறது.

இந்த 400 பேரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தெருவில் வசவாக வீசப்படுகிற ஒரு சொல், பத்திரிகையின் நெற்றியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் பேரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ‘பறையன் ஒன்று கொடு’ என்று நாலு பேர் காதில் விழ, தன் வாயால் கேட்க வேண்டும். சும்மா கையில் திணித்திருந்தால் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். விலை வைத்ததால் அந்தச் சொல்லோடு ஓர் உறவு உண்டாகிறது. சீனிவாசன் இப்படி நினைத்துத்தான் விலை வைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. நடந்தது இதுதான் என்கிறேன்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அய்.சி.எஸ். பரீட்சையை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த சமயம். இங்கே நடத்தினால் கலெக்டர் நாற்காலி முழுவதும் சாதி இந்துக்கள் கைக்குத்தான் போகும் என்று, அதே 1893 டிசம்பரில், பத்திரிகை தொடங்கி மூன்று மாதத்துக்குள், சீனிவாசனும் மற்றவர்களும் சென்னையில் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் 3412 பேர் கையெழுத்து. மனுவின் நீளம் 112 அடி. 400ஐயும் 3412ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட எல்லோரும் பத்திரிகை படித்தவர்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் சேரியில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு மிகச் சிலராக இருந்த காலத்தில், ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் வாசிப்பு. வாங்கியவர் ஒருவர், கேட்டவர் பலர். அந்தக் கேட்டவர்களில் எத்தனை பேரை வாங்குகிறவராக மாற்ற முடியும் என்பதில்தான் பத்திரிகையின் ஆயுள் இருந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறது.

அந்த நாளில் சேரிக்கு இலவசமாக வந்த அச்சுக் காகிதம் எது? மிஷன்காரர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரம். சென்னையில் அதற்கென்றே 1818இலிருந்து சங்கம் இருந்தது. அதில் படிக்கப் பழகியவர்கள் நம் பாட்டன்மார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துண்டுப் பிரசுரம் படித்தவன் அதை எழுதியவனிடம் கேள்வி கேட்க முடியாது. அடுத்த பிரசுரத்தில் என்ன போடுவது என்று அவனை யாரும் கேட்கப்போவதுமில்லை. இலவசமாகக் கொடுக்கிறவன் தான் சொல்லவந்ததைச் சொல்லிவிட்டுப் போவான். இரண்டணா கொடுத்தவன் மறுவாரம் வந்து, ‘இது என்ன இப்படிப் போட்டிருக்கிறீர்?’ என்பான்.

அப்படிக் கேட்கிற வாசகனை நன்றாகப் புரிந்துகொண்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19ஆம் தேதி இராயப்பேட்டையிலிருந்து அவர் கொண்டுவந்த வார இதழுக்குப் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. நாலு பக்கம், புதன்கிழமை தோறும். விலையைத் தலைப்பிலேயே அச்சடித்த பத்திரிகை. வெறும் கவர்ச்சிக்காக வைத்ததல்ல இது. அந்தக் காலக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஆக ஒரு ரூபாய்க்கு 64 பைசா. வருசம் 52 இதழுக்கும் சேர்த்து 52 பைசா, அதாவது 13 அணா. கூலிக்காரனிடம் போய் 13 அணாவை மொத்தமாக எடுத்து வை என்றால் எங்கே போவான்? வாரம் ஒரு பைசா கொடுப்பான். ‘பறைய’னின் இரண்டணாவுக்கு இது எட்டில் ஒரு பங்கு. கையில் புழங்குகிற சின்னக் காசு எதுவோ அதையே பத்திரிகையின் விலையாக வைத்தார் பண்டிதர். அதே சமயம் அதைச் சும்மா கொடுக்கவில்லை. இலவசத்துக்கும் ஒரு பைசாவுக்கும் நடுவில் உள்ள தூரம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஒரு பத்திரிகையின் தன்மையே அந்தத் தூரத்தில்தான் மாறுகிறது.

ஒரு வருசம் கழித்து, 1908 ஆகஸ்ட் 26இல், ‘ஒரு பைசா’ என்பதை எடுத்துவிட்டு ‘தமிழன்’ என்று மட்டும் பெயர் மாறியது. வாசகர்கள் விரும்பிக் கேட்டதால் மாற்றியது என்பது பதிவு. காசு கொடுத்தவர்களுக்குப் பத்திரிகையின் பேரிலேயே பாத்தியதை இருந்திருக்கிறது. பிறகு ‘தமிழன்’ பக்கங்களைப் புரட்டினால் வாசகர் கேள்விகளும் பண்டிதர் பதில்களும் வந்துகொண்டே இருக்கின்றன. மருந்து பற்றிக் கேட்கிறார்கள், சாதிப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள், பௌத்தம் பற்றிக் கேட்கிறார்கள், எங்கள் ஊரில் கிணற்றில் தண்ணி எடுக்க விடவில்லை என்று எழுதுகிறார்கள். சந்தா கட்டினால் பத்திரிகை வரும் என்பதோடு நிற்கவில்லை. எழுதினால் உன் எழுத்தும் அச்சில் வரும் என்பதும் சேர்ந்தே இருந்தது. வேறு எந்தப் பத்திரிகை ஆபீசில் அவனை வாசற்படி ஏறவிட்டிருப்பார்கள்?

‘தமிழன்’ போய்ச் சேர்ந்த ஊர்களைப் பாருங்கள். கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பிறகு பெங்களூர், ஐதராபாத், கடல் தாண்டி ரங்கூன், தென்னாப்பிரிக்காவில் டர்பன். சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்த ஊர்கள்தான் இவை. இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். கிராமத்தில் பண்ணையில் உழைத்தவனுக்குக் கூலி நெல்லாக அளந்து போடப்பட்டது. நெல்லைக் கொண்டுபோய்ச் சந்தா கட்ட முடியாது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து தங்கவயல் போனவனுக்குக் கையில் காசாகக் கூலி வந்தது. கிழமைக்குக் கிழமை கூடுவதற்குச் சங்கம் இருந்தது. நாலு எழுத்துப் படித்தவன் அங்கே இருந்தான். எங்கே காசுக்கூலியும் சங்கமும் சேர்ந்திருந்ததோ அங்கே கேட்பவன் சந்தாதாரன் ஆனான். பட்டணத்தில் பிறந்த பத்திரிகையைச் சுரங்கத் தொழிலாளிகள்தான் தாங்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1914 மே மாதம் பண்டிதர் இறந்தபின் மகன் பட்டாபிராமன் சில காலம் நடத்தி, நின்றுபோன ‘தமிழ’னை 1926இல் மறுபடி எடுத்து 1934 வரை நடத்தியவர் ஜி.அப்பாதுரையார். நடந்த இடம் கோலார் தங்கவயல்.

இதில் தபால் இலாகாவின் பங்கும் உண்டு, யாரும் பேசுவதில்லை. பத்திரிகையைக் குறைந்த தபால் கட்டணத்தில் அனுப்ப, அதைத் தபால் இலாகாவில் பதிய வேண்டும். 1898ஆம் வருசத்து இந்திய அஞ்சல் சட்டம் 9ஆம் பிரிவு அதற்கு இரண்டு நிபந்தனை வைத்தது. 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் பத்திரிகை வரவேண்டும். மெய்யான சந்தாதாரர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அதாவது சும்மா கொடுக்கிற பத்திரிகைக்குச் சலுகை இல்லை. காசு கொடுக்கிற ஆளின் பேரும் ஊரும் எழுதிய நோட்டு ஒன்று இருந்தால்தான் அரசாங்கத்தின் கண்ணில் அது பத்திரிகை. இலவசமாக அனுப்புகிறவன் காகிதத்துக்கும் அச்சுக்கும் இழந்து, தபாலுக்கும் கூடுதலாக இழப்பான். அந்தச் சட்டமே 2023இல் வந்த புதிய அஞ்சல் சட்டத்தால் போய்விட்டது. ஆனால் நூறு வருசத்துக்கு மேலாக நம் சிறுபத்திரிகைகளை அது எப்படி நசுக்கியது என்று யோசியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது காலாண்டிதழ், 31 நாள் கணக்கில் வராது. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டு வந்தவற்றுக்குப் பதிவே கிடையாது. முழுத் தபால்தலை ஒட்டித்தான் அனுப்பவேண்டும். வி.பி.பி.யில் அனுப்பலாமே என்பார்கள். 1877இலிருந்து இருந்த வசதிதான் அது. தபால்காரர் காசு வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுப்பார். வாங்காமல் திருப்பிவிட்டால் போகவர ஆன செலவு பத்திரிகைக்காரன் தலையில்.

சந்தாவுக்கு அலைவதைவிட ஒரு பெரிய மனிதரைப் பிடித்தால் தீர்ந்தது என்று நினைக்கிற தோழர்கள் ‘மூக்நாயக்’ கதையைப் படிக்க வேண்டும். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் பம்பாயில் தொடங்கிய மராத்தி இதழ். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2500 ரூபாய் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. திலகரின் ‘கேசரி’யோ காசு கொடுத்தும் ‘மூக்நாயக்’கின் விளம்பரத்தைப் போட மறுத்துவிட்டது. நன்கொடை வந்தது, வாசகனிடம் போய்ச் சேரும் வழி அடைபட்டிருந்தது. அந்த வருசமே அம்பேத்கர் படிப்பை முடிக்க லண்டன் போனார். 1923இல் பத்திரிகை நின்றது. மன்னர் பணம் இருந்தும் நின்றது.

1927 ஏப்ரல் 3இல் ‘பகிஷ்கிருத பாரத்’ தொடங்கியபோது அம்பேத்கருக்கு இந்தப் பாடம் தெரிந்திருந்தது. மகாடு குளத்துப் போராட்டம் முடிந்த சூடு. உதவிக்கு ஆள் வைக்க வழியில்லாமல் இதழின் 24 பத்திகளையும் தானே எழுதி நிரப்பினார். சம்பளம் கிடையாது. 1928இல் எழுதிய ஒரு தலையங்கத்தில், பத்திரிகை பட்டிருக்கும் கடன் சமூகம் பட்ட கடன் அல்லவா என்று மக்களைப் பார்த்தே கேட்டார். கவனித்துப் பார்த்தால் அது பிச்சை கேட்கிற குரலல்ல, கணக்குக் கேட்கிற குரல். உனக்காக நான் ஒரு வருசம் உழைத்தேன், உன் பங்கு எங்கே என்கிற குரல். அப்படியும் 1929 நவம்பரில் அது நின்றது. 1930இல் தொடங்கிய ‘ஜனதா’தான் நீண்டு ஓடியது. 1956 பிப்ரவரியில் ‘பிரபுத்த பாரத்’ என்று பெயர் மாறும்வரை வந்தது. அதற்குள் ஊர் ஊராக இயக்கம் வேர்விட்டிருந்தது.

பத்திரிகை விளம்பர வருமானத்தில்தான் பிழைக்கும், விளம்பரம் கொடுக்கிற வியாபாரிகள் எல்லாம் காங்கிரஸ் பக்கம், ஆகவே தீண்டத்தகாதோருக்குப் பத்திரிகை இல்லை என்று அம்பேத்கர் பின்னால் எழுதியிருக்கிறார். சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் நம் இதழ்களுக்கு வராததை அனுபவத்தில் கண்ட எல்லோருக்கும் இது புரியும்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்து 1831 ஜனவரியில் ‘லிபரேட்டர்’ என்ற வார இதழைத் தொடங்கிய காரிசன் வெள்ளையர். ஆனால் முதலில் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பிலடெல்பியாவில் பாய்மரத் துணி தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் ஃபோர்ட்டன் என்ற கறுப்பர், முதல் இதழ் வெளிவருவதற்கு முன்பே 27 பேருடைய சந்தாவை, 54 டாலரை, அனுப்பிவைத்தார். இன்னும் கண்ணால் பார்க்காத பத்திரிகைக்கு. வரலாறு காரிசனின் பேரைச் சொல்கிறது, அந்த 27 பேரைச் சொல்வதில்லை.

அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1847 டிசம்பர் 3இல் ராச்செஸ்டர் நகரத்தில் ‘நார்த் ஸ்டார்’ தொடங்கினார். அச்சு எந்திரம் வாங்க இங்கிலாந்து நண்பர்கள் பணம் கொடுத்தார்கள். சந்தா விதியை அவர் வைத்த விதம் பாருங்கள். முன்பணமாகக் கட்டினால் வருசத்துக்கு 2 டாலர், ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் இரண்டரை டாலர். இப்படி ஒரு விதி எப்போது தேவைப்படும்? ‘அடுத்த மாசம் தர்றேன்’ என்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தால்தான். வாரத்துக்கு 80 டாலர் போலச் செலவு, சராசரி 3000 சந்தாதாரர் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். 3000 பேரும் கட்டினால் 6000 டாலர் வரும். வருசச் செலவு 4160 டாலர்தான். கணக்குப்படி மிச்சமல்லவா இருக்க வேண்டும்? ஆனால் மனுசன் பணமுடையைப் பற்றித்தான் எழுதுகிறார். தொடங்கிய மறுவருசமே வீட்டை அடமானம் வைத்தார். பட்டியலில் பேர் இருப்பது வேறு, பெட்டியில் காசு விழுவது வேறு. பின்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ஜூலியா கிரிஃபித்ஸ் என்ற அம்மையார் கணக்கு வழக்கைக் கையில் எடுத்து, ஆட்களுக்கு எழுதி, நிதி திரட்டி, சந்தாவைக் கூட்டித்தான் பத்திரிகையை நிமிர்த்தினார். எழுதுகிறவனே வசூலும் பண்ணினால் இரண்டும் கெடும். இந்த ஒன்றை நம் இதழ்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நம் இதழ்களுக்கே வருகிறேன். 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் இதழ்கள் நிறைய வந்தன. நாலு இதழ், அய்ந்து இதழோடு நின்றவை பல. ஆயுள் சந்தா என்று ஒன்று வைத்திருப்போம். யாருடைய ஆயுள் என்பதில்தான் தகராறு. சந்தாதாரர் இருப்பார், பத்திரிகை போய்ச் சேர்ந்திருக்கும். வேலை கிடைத்து அரசாங்க உத்தியோகத்தில் உட்கார்ந்த நம் ஆட்கள் நன்கொடையாக 500 ரூபாய் கொடுப்பார்கள், சந்தாவாக 100 ரூபாய் கொடுக்கத் தயங்குவார்கள். ஏனென்று பலமுறை யோசித்திருக்கிறேன். நன்கொடை கொடுத்தால் அன்றோடு முடிந்தது, பேரும் கிடைக்கும். சந்தா கட்டினால் முகவரி கொடுக்க வேண்டும், மாதாமாதம் ஆபீசுக்கோ வாடகை வீட்டுக்கோ அந்தப் பத்திரிகை வரும், வீட்டுக்காரர் உறையைப் பார்ப்பார். 1893இல் ‘பறையன்’ என்று சொல்லி வாங்கிய 400 பேர் தாண்டிய படியை, குடியிருக்க வீடு தேடும் ஒரு கிளார்க்கு தாண்ட முடியாமல் நிற்கிறார். அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். வீடு கிடைக்காமல் அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இப்போது இதழ் அச்சாகி வந்த மறுநாளே யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். திருட்டு என்று கத்துகிறவர்களோடு நான் இல்லை. அன்றைக்குத் திண்ணையில் ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்டார்களே, அதன் இன்றைய ரூபம் இது. கேட்பவனை விரட்டினால் நாளைக்கு வாங்குகிறவன் எங்கிருந்து வருவான்? கேள்வி என்னவென்றால், அந்தத் திண்ணைக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு சங்கம் இருந்தது, ஊருக்கு ஒரு ஆள் இருந்தான். இன்றைக்கு பி.டி.எஃப். படித்து முடித்தவனிடம் போய், ‘தம்பி, இந்த வருசச் சந்தாவைப் போட்டுவிடு’ என்று பேரைச் சொல்லிக் கேட்க ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள்? பின்னட்டையில் வங்கிக் கணக்கு எண்ணை அச்சடித்துவிட்டால் பணம் தானாக வந்துவிடாது. ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் பெயர் எழுதிய ஒரு நோட்டு வேண்டும். அவர் ஊரிலிருந்து எழுதியனுப்புகிற கடிதத்துக்கு இதழில் இடம் வேண்டும்.

சந்தாதாரன் இன்னொரு வேலையும் செய்கிறான். சேர்த்து வைக்கிறான். ‘தமிழன்’ இதழ்கள் நமக்குக் கிடைத்தது எந்த நூலகத்தின் தயவாலும் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், 1999இலிருந்து பாளையங்கோட்டையில் ஞான.அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவர முடிந்தது. அதற்குப் பிறகுதான் பண்டிதர் பேரைப் பல்கலைக்கழகங்கள் உச்சரித்தன. ‘பறையன்’ இதழ்களோ அப்படிக் கிடைக்கவில்லை. அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் வேவு பார்க்க எழுதிவைத்த சுருக்கக் குறிப்புகளில்தான் அதைத் தேடவேண்டியிருக்கிறது. ஜெ.பாலசுப்பிரமணியம் 1869 ‘சூரியோதயம்’ தொடங்கி 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடித்தொகுத்து 2017இல் புத்தகம் போட்டிருக்கிறார். அதிலும் பல பத்திரிகைகள் பேராகவே மிஞ்சியிருக்கின்றன.

பத்திரிகைகளைத் தேடுகிற நாம் சந்தாதாரர்களைத் தேடவில்லை. அவர்கள் பேர் எங்கே இருக்கும்? சந்தா ரசீதில் இருக்கும். மணியார்டர் பாரத்தில் அடியில் ஒரு துண்டு இருக்குமே, அனுப்புகிறவர் நாலு வரி எழுதுவதற்கு, அந்தக் கூப்பனில் இருக்கும். பழைய மணியார்டர் முறையே 2015இல் நின்றுவிட்டது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே நம் சனங்கள் இன்னும் அந்த லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள். விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த வீடுகளின் தகரப் பெட்டிகளில் தாத்தா வைத்திருந்த ரசீது ஒன்றிரண்டு இருக்கக்கூடும். பழைய பேப்பர்காரன் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், எம்.ஏ. எம்.ஃபில். படிக்கிற நம் பிள்ளைகள் யாராவது போய்ப் பார்த்து வந்தால் நல்லது.